ஆழமில்லாத ஆற்றில் ஒரு நாள் கயாக்: முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"முழங்கால் தண்ணீர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று சொல்லிக்கொண்டுதான் நாங்கள் ஆறு பேரும் கயாக்கில், அதாவது ஓரிருவர் உட்கார்ந்து துடுப்புப் போட்டுப் போகும் குறுகலான சிறு படகில், கிளம்பினோம். காலை பத்துக்கு ஆற்றில் இறங்கி மதியம் மூன்று மணிக்குக் கரையேறுவதாகத் திட்டம். கரையேறியபோது இருட்டிவிட்டது. பாதி வழி படகு எங்களைச் சுமக்கவில்லை, நாங்கள்தான் படகை இழுத்துக்கொண்டு நடந்தோம். கரையேறிய இடத்தில் வண்டி தயாராக நின்றது. அதன் சாவி மட்டும் புறப்பட்ட இடத்தில் நிறுத்தியிருந்த இன்னொரு வண்டிக்குள் பத்திரமாக இருந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்று பட்ட பாட்டை யோசித்துப் பார்த்தால், அதில் ஆற்றின் குற்றம் என்று எதுவுமே இல்லை. எல்லாம் நாங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்திருக்க வேண்டிய வேலைகள். அதற்குப் பிறகு சில முறை ஒழுங்காகப் போய் வந்துவிட்டோம். எந்த வேலையை எதற்கு அப்புறம் செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் படிந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்று நீரோட்டத்தை, எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும்படி, ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். இந்தக் கட்டுரை அமைதியான நீருக்கும், அதிகம் போனால் முதல் தரத்துக்கும்தான். நுரைத்துப் பாயும் ஆறுகளுக்கு வழிகாட்டியோடு போங்கள்.

1. கரையேறும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் எங்கே இறங்குவது என்றுதான் முதலில் தேடுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். எங்கே கரையேறுவது என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். இறங்கும் இடம் மோசமாக இருந்தால் அப்போதே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஏறும் இடம் மோசமாக இருந்தால், களைத்துப்போன உடம்போடு படகைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நிற்க வேண்டிவரும்.

கரை சரிவாக இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் படகை மேலே ஏற்ற முடியாது. அங்கே நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். வண்டி நிறுத்த இடம் வேண்டும். அது யாருடைய நிலம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பொதுவாக இருந்தாலும் கரை தனியார் தோட்டமாக இருக்கலாம்.

முடிந்தால் முந்தைய நாளே அங்கே போய், ஆற்றைப் பார்த்து நின்று அல்ல, ஆற்றுக்குள் நாலடி இறங்கித் திரும்பி நின்று கரையைப் படம் எடுங்கள். ஆற்றிலிருந்து பார்த்தால் எல்லாக் கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாலம், தனி மரம், மின்கம்பம் என்று ஏதாவது அடையாளம் பிடித்து வையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவிட்டு, வரும்போது மறக்காமல் அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

இனி தூரம். நாங்கள் ஏமாந்தது இங்கேதான். சாலை வழியாக எட்டு கி.மீ. என்று பார்த்துவிட்டு, இவ்வளவுதானே என்று நினைத்துவிட்டோம். சாலை நேராகப் போகும், ஆறு அப்படிப் போகாது. எங்கள் எட்டு கி.மீ. ஆற்றில் கிட்டத்தட்ட பதினான்காக நீண்டது. செயற்கைக்கோள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியை எடுத்து, ஒவ்வொரு வளைவிலும் புள்ளி வைத்து ஆற்றின் போக்கிலேயே அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

நின்ற நீரில் விடாமல் துடுப்புப் போட்டால் ஒருவர் மணிக்கு நான்கைந்து கி.மீ. போகலாம். நண்பர்கள் கூட்டம் அப்படிப் போகாது. படம் எடுக்கும், தண்ணீர் அடித்து விளையாடும், ஒருவருக்காக ஐந்து பேர் காத்திருப்பார்கள். மணிக்கு மூன்று கி.மீ. என்று கணக்கு வையுங்கள். இறங்கித் தள்ள வேண்டிய இடங்களில் அது மணிக்கு ஒரு கி.மீ. ஆகிவிடும். முதல் பயணத்துக்கு எட்டு கி.மீ. போதும். பத்துக்கு மேல் போகாதீர்கள்.

2. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்

ஆள் உட்கார்ந்த ஒற்றைக் கயாக்கின் அடிப்பகுதி பத்து முதல் பதினைந்து செ.மீ. வரை நீருக்குள் அமிழும். இருவர் உட்காரும் படகு இன்னும் கொஞ்சம் அமிழும். துடுப்பும் முங்க வேண்டுமே? ஒரு முழம் தண்ணீர் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். சாண் அளவுதான் என்றால் தரைதட்டித் தட்டித்தான் போக வேண்டும்.

நீர்மட்டத்தை அளந்து வெளியிடும் ஆறுகள் பல உண்டு. அப்படி எண் கிடைத்தால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அளவுகோலில் ஒரு மீட்டர் என்றிருந்தால் ஆறு முழுக்க ஒரு மீட்டர் ஆழம் என்று அர்த்தமில்லை. அது அந்த ஓர் இடத்தில், அவர்கள் பூஜ்யம் என்று வைத்துக்கொண்ட புள்ளியிலிருந்து எடுத்த அளவு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, அதே ஆற்றில் அடிக்கடி போகிறவரிடமோ படகு வாடகைக்குத் தருகிறவரிடமோ இப்படிக் கேளுங்கள்: "இந்த அளவில் எத்தனை இடத்தில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்?" "போகலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமாகப் போகலாம்" என்ற பதில்தான் வரும். எங்களுக்கு அந்தப் பதில்தான் கிடைத்தது.

தண்ணீர் குறைந்தால் களைப்பு, கூடினால் ஆபத்து. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மேலே எங்கோ பெய்த மழை சில மணி நேரம் கழித்து வந்து சேரும். ஆற்றின் தலைப்பில் அணை இருந்தால் எப்போது திறப்பார்கள் என்பதை முந்தைய நாள் மாலையும் புறப்படும் காலையும் இரண்டு முறை விசாரியுங்கள். ஆற்றில் இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, முன்பு வெளியே தெரிந்த கல் முங்கிப் போனாலோ நீர் ஏறுகிறது என்று பொருள். விவாதிக்காமல் கரையேறிவிடுங்கள்.

3. ஆட்களைக் கணக்கெடுங்கள்

நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை சரி. அதற்கு மேல் போனால் முதல் படகுக்கும் கடைசிப் படகுக்கும் இடையே ஒரு வளைவு வந்துவிடும், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்குத் தோள் வலி, யாருக்கு ஆஸ்துமா என்பதைக் குழுவில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தனிப் படகில் போகக்கூடாது, மிதவைச் சட்டையை ஒரு நொடியும் கழற்றக்கூடாது.

இருவர் படகில் பழகியவர் பின்னால் உட்காரட்டும். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை, தாளம் வைப்பது முன்னால் இருப்பவர் வேலை. கணவன் மனைவியை ஒரே படகில் போடுவதற்கு முன் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

4. படகு பிடிப்பதும் பணமும்

முதல்முறை போகிறவர்கள் படகு வாங்க வேண்டாம், வாடகைதான் சரி. மேலே உட்காரும் படகு, உள்ளே உட்காரும் படகு, காற்றடைத்த படகு என்று மூன்று வகை கிடைக்கும். ஆழமில்லாத ஆற்றுக்கும் புதியவர்களுக்கும் நான் சொல்வது முதல் வகைதான். கவிழ்ந்தால் உள்ளே நீர் நிறையாது, இருக்கும் துளைகள் வழியாக வழிந்துவிடும். தரைதட்டும்போது சட்டென்று இறங்கவும் ஏறவும் முடியும். குறை என்னவென்றால் கொஞ்சம் கனம் அதிகம். இருவர் படகு முப்பது நாற்பது கிலோ வரை வரும். காற்றடைத்த படகு இலேசானது, அதிகம் அமிழாது. ஆனால் கூரான கல்லும் முள்ளும் உள்ள ஆற்றில் எனக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. அதைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், வெயிலில் கரையில் போட்டுவைக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும்.

சில படகுகளின் பின்பக்க அடியில் ஒரு சிறு தகடு இருக்கும். படகு நேராகப் போக உதவுவது அது. ஆழமில்லாத ஆற்றில் ஒவ்வொரு கல்லிலும் அதுதான் மாட்டும். கழற்ற முடியுமென்றால் கழற்றித் தரச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை படகுக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். மிதவைச் சட்டை, துடுப்பு, நீர்புகாப் பை, படகைக் கொண்டுவந்து இறக்கித் திரும்ப எடுத்துப்போவது, வாகன நிறுத்தம், நுழைவுச்சீட்டு எல்லாம் சில இடங்களில் தனித்தனிக் கணக்கு. எங்களுக்கு எல்லாவற்றையும் கூட்டியபோது முதலில் சொன்ன வாடகையைப்போல ஒன்றரை மடங்கு வந்தது. தாமதத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, அது அரை மணிக்கா ஒரு மணிக்கா என்பதையும் கேட்டு வையுங்கள். நாங்கள் மூன்று மணி நேரத் தாமதத்துக்குக் கட்டினோம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது, நீர்மட்டம் சரியில்லை என்று அவர்களே ரத்து செய்தால் முழுப் பணமும் வருமா என்பது. நாமே பயந்து ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். பணம் போய்விடுமே என்பதற்காகவே கலங்கிய ஆற்றில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் திரும்பாவிட்டாலும் வேறு தேதிக்கு மாற்றித் தருகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வைப்புத்தொகை வாங்குவார்கள். படகைக் கையில் வாங்கியதும் நாலு பக்கமும், கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கமும் செல்பேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஆழமில்லாத ஆற்றில் படகின் அடி தேய்வது இயல்பு, திரும்பக் கொடுக்கும்போது பழைய கீறல் எது, புதுக் கீறல் எது என்ற பஞ்சாயத்து வரும். எங்கள் வைப்புத்தொகையில் பாதி அப்படித்தான் போனது. துடுப்பு தொலைந்தால் எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

5. ஆவணங்கள்

ஒவ்வொருவரும் அடையாள அட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அசல் காட்டினால் போதுமா, அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். கொடுத்து வைக்க வேண்டுமென்றால் ஒருவருடையது மட்டும் போதுமா என்று பேசிப்பாருங்கள். ஆற்றுக்குள் அசலை எடுத்துப் போகாதீர்கள், படம் போதும்.

பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்று நீட்டுவார்கள். எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற தாள் அது. மூன்று இடங்களை மட்டுமாவது படியுங்கள்: படகு சேதத்துக்கு யார் பொறுப்பு, விபத்துக் காப்பீடு ஏதாவது உண்டா, உடல்நிலை பற்றி நீங்கள் என்ன உறுதி கொடுக்கிறீர்கள். இதயக் கோளாறு, வலிப்பு, அண்மையில் அறுவைச் சிகிச்சை போன்றவை இருந்தால் மறைக்க வேண்டாம். மறைத்தால் காப்பீடும் கைவிடக்கூடும். உங்களுக்கு ஏற்கனவே காப்பீடு இருந்தால் நீர் விளையாட்டு அதில் அடங்குமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் வந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பார்கள். நண்பரின் தம்பியை அழைத்துப் போகிறீர்கள் என்றால் நண்பரின் கையெழுத்து செல்லாமல் போகலாம். ஆறு காட்டுப் பகுதியிலோ பறவைகள் காப்பிடத்திலோ ஓடினால் அனுமதிச் சீட்டு தேவைப்படலாம். இதற்குச் சில நாட்கள் பிடிக்கும், கடைசி நேரத்தில் வாங்க முடியாது. "நாங்க பாத்துக்கறோம்" என்று வாடகைக்காரர் சொன்னால், அனுமதியின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு தாள், அதை நீங்களே எழுத வேண்டும். யார் யார் போகிறீர்கள், எங்கே இறங்கி எங்கே ஏறுவீர்கள், படகின் நிறம், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும். இதை வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கரையேறியதும் அவருக்குச் சொல்லவும் வேண்டும். நாங்கள் சொல்ல மறந்து, அது தனிக் கதையாகிவிட்டது.

6. வண்டியும் சாவியும்

ஆறு ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது, வண்டி இறங்கின இடத்திலேயே நிற்கிறது. வாடகைக்காரர் கொண்டுபோய் விடுகிறார் என்றால், உங்கள் வண்டியைக் கரையேறும் இடத்தில் நிறுத்திவிட்டு அவர் வண்டியில் மேலே போவதுதான் நல்லது. அப்போது யாருக்காகவும் நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சொந்த ஏற்பாடு என்றால் இரண்டு வண்டி வேண்டும். எல்லோரும் இறங்குமிடத்துக்குப் போய் ஆட்களையும் சாமான்களையும் இறக்குங்கள். இரண்டு ஓட்டுநர்கள் மட்டும் இரண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு கீழே போய், ஒன்றை அங்கே நிறுத்திவிட்டு மற்றதில் திரும்பி வாருங்கள். இதற்கே ஒரு மணி நேரம் ஆகலாம், கணக்கில் சேருங்கள்.

கீழே நிறுத்திய வண்டியின் சாவி உங்களோடு ஆற்றில் வர வேண்டும். நீர்புகாப் பையின் உள்வளையத்தில் கட்டி, அந்தப் பையைப் படகோடு கட்டுங்கள். படகில் ஏறும் முன் சாவியைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். "இருக்குடா" என்ற பதிலை ஏற்காதீர்கள். பொத்தான் அழுத்தித் திறக்கும் சாவி நனைந்தால் வேலை செய்யாமல் போகலாம், அதனால் அதைத் தனியாக இன்னொரு சிறு பைக்குள் போடுங்கள்.

7. எடுத்துப் போக வேண்டியவை

காலில் கட்டியிருக்கும் காலணி. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு போய்விடும், வெறுங்கால் கல்லிலும் கண்ணாடித் துண்டிலும் கிழியும். பழைய கான்வாஸ் ஷூ போதும், புதிதாக வாங்க வேண்டாம். சீக்கிரம் காயும் செயற்கை இழைத் துணி போடுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் கல்லைக் கட்டியதுபோல் கனக்கும். நீர் குளிராக இருக்கும் இடமென்றால் காற்றின் சூட்டைப் பார்த்து உடுத்தாதீர்கள், நீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள்.

தண்ணீர்மேல் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் சுடும், தொப்பி மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், கயிறு கட்டிய கண்ணாடி. குடிநீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் தாகம் மறந்துபோகும், தலைவலி வந்த பிறகுதான் தெரியும். மாற்று உடையைக் கீழே நிற்கும் வண்டியில் வையுங்கள்.

நீர்புகாப் பையின் வாயை மூன்று முறையாவது மடித்துப் பூட்டினால்தான் அது நீர்புகாப் பை. ஒரு மடிப்பு மடித்தால் வெறும் பை. செல்பேசியைத் தனி உறையில் போட்டுக் கழுத்திலோ சட்டையிலோ மாட்டுங்கள். குழுவுக்கு ஒரு முதலுதவிப் பை, ஆளுக்கு ஒரு விசில், பதினைந்து இருபது மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று. மதுவைக் கரையேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

8. நேரம்

சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கரையேறுவதாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு மணிக்கு இருட்டும் என்றால் நான்கு மணிக்குக் கரை. எட்டு கி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் ஒன்றரை மணி, இறங்கி நடக்க ஒரு மணி. அப்படியானால் பத்தரைக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். வண்டி மாற்றவும் படிவம் நிரப்பவும் பயிற்சிக்கும் சேர்த்து, இறங்குமிடத்தில் எட்டரைக்கு இருந்தாக வேண்டும். நண்பர்களிடம் எட்டு என்று சொல்லுங்கள்.

காலையில் முன்கூட்டியே இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல இடங்களில் மதியத்துக்கு மேல் காற்று பிடிக்கும். எதிர்க்காற்றில் அகலமான ஆற்றில் துடுப்புப் போடுவது, ஓடாத வண்டியைத் தள்ளுவது போலத்தான்.

9. இறங்குவதற்கு முன் கரையில் அரை மணி

மிதவைச் சட்டையின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கிவிட்டு, ஒருவர் மற்றவரின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை மோவாய்க்கு மேல் ஏறினால் தளர்வு. சட்டைக்குள் இருக்கும் குறிப்பில் 50 என்றோ 100 என்றோ எண் இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கானது. நீந்தத் தெரியாதவருக்கு 100 கேளுங்கள்.

துடுப்பைத் தலைமேல் வைத்து, முழங்கை இரண்டும் செங்கோணத்தில் மடியும்படி பிடித்தால் கைகளுக்கு நடுவே சரியான இடைவெளி கிடைக்கும். அந்த இடத்தை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். கையால் இழுக்காமல் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். முன்னே செல்ல, பின்னே செல்ல, ஒரு பக்கம் அகலமாக அரைவட்டம் போட்டுத் திரும்ப, இந்த மூன்றும் வந்தால் போதும். கரையோரத்திலேயே பத்து நிமிடம் சுற்றிப் பழகுங்கள்.

சைகைகளையும் பேசி வையுங்கள். துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினால் வரலாம். தலைக்கு மேல் படுக்கைவாட்டில் பிடித்தால் நில். விசில் ஒருமுறை என்றால் என்னைப் பார், மூன்று முறை என்றால் ஆபத்து. முன்னால் போகிறவர் ஒருவர், கடைசியில் வருகிறவர் ஒருவர் என்று முடிவு செய்யுங்கள். முன்னவரை யாரும் முந்தக்கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. படகுகளுக்கு இடையே இரண்டு மூன்று படகு நீளம் இருக்கட்டும், நெருங்கி வந்தால் ஒருவர் தரைதட்டியதும் மற்றவர்கள் அவர்மேல் ஏறுவார்கள்.

10. ஆழத்தைக் கண்ணால் தேடுவது

நாங்கள் முதல் நாள் படகை இழுத்துக்கொண்டு நடந்த இடங்களில் பாதி, நடந்திருக்கவே வேண்டாத இடங்கள். ஆழமான தடம் பத்தடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை.

வளைவில் வெளிப்பக்கம்தான் ஆழம். நீர் அங்கே மோதி அரித்துக்கொண்டே போகும், உள்பக்கத்தில் மணலையும் கூழாங்கல்லையும் போட்டுவிட்டுப் போகும். புதியவர்கள் குறுக்கு வழி என்று உள்பக்கமாக வெட்டிப் போய் மணல்திட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். வெளிப்பக்கம் போங்கள், ஆனால் கரையோடு ஒட்டிப் போகாதீர்கள். அரித்த கரையிலிருந்து சாய்ந்த மரங்கள் அங்கேதான் கிடக்கும்.

அகலமான இடத்தில் நீர்ப்பரப்பு முழுக்க ஒரே சீராகச் சிறுசிறு அலையாக மினுங்கினால் அங்கே சாண் ஆழம்கூட இருக்காது. பரப்பு வழவழப்பாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும் பட்டைதான் ஆழமான தடம். இரண்டு கல்லுக்கு நடுவே நீர் நாக்குப்போல நீண்டு, அதன் கூர்முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது நீர் போகும் திசையில் இருந்தால் அது வழி. கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் அந்த முனையில் கல் இருக்கிறது. நீர் ஓரிடத்தில் தலையணைபோல் உப்பித் தெரிந்தால் அதற்கடியிலும் கல்தான். வெயில் முகத்தில் அடிக்கும்போது இது எதுவும் தெரியாது, அப்போது முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

11. தரைதட்டினால்

துடுப்பைத் தரையில் ஊன்றி நெம்பாதீர்கள். அலகு உடையும், அதற்கும் காசு வாங்குவார்கள். முதலில் இடுப்பை இடமும் வலமும் ஆட்டுங்கள், பிறகு கைகளை நீருக்குள் விட்டுத் தரையைத் தள்ளுங்கள். முன்பக்கம் மாட்டியிருந்தால் எடையைப் பின்னால் சாயுங்கள். நகரவில்லை என்றால், நீர் கணுக்கால் அளவுதான் என்று உறுதியான பிறகு இறங்கி, படகின் முன்கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். கரகரவென்று இழுப்பதைவிட இருவராகத் தூக்கிவிடுவது படகுக்கும் நல்லது, வைப்புத்தொகைக்கும் நல்லது.

எப்போதும் படகுக்கு மேல்பக்கத்தில் நில்லுங்கள், அதாவது நீர் வரும் திசையில். கீழ்ப்பக்கம் நின்றால் நீர் படகைத் தள்ளி உங்களைக் கல்லோடு நெருக்கும். உள்ளே உட்காரும் படகில் 200 லிட்டர் நீர் புகுந்தால் அதுவே 200 கிலோ, அதற்கு மேல் ஆற்றின் தள்ளலும் சேரும்.

படகு பக்கவாட்டில் கல்லின்மேல் சாய்ந்து மாட்டிக்கொண்டால் உடம்பு தானாகவே கல்லைவிட்டு விலகிச் சாயும். அப்படிச் சாய்ந்தால் நீர் படகுக்குள் ஏறிக் கவிழ்த்துவிடும். கல்லின் பக்கமே சாய்ந்து, கல்லைக் கட்டிக்கொள்வதுபோல் கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள்.

12. உயிருக்கு ஆபத்தான மூன்று

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஓடும் ஆற்றில் ஆழம் தெரிந்தாலும் காலை விடாதீர்கள். வேகமாக ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருக்கும்போது எழுந்து நிற்க முயன்றால், கால் கல் இடுக்கில் மாட்டும். பின்னாலிருந்து நீர் தள்ளும், ஆள் முன்னால் குப்புற விழுவார், எழ முடியாது. இடுப்பளவு நீரிலேயே உயிர் போவது இப்படித்தான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளல் நான்கு மடங்காகும். அதனால் கவிழ்ந்தால் நிற்க வேண்டாம். மல்லாந்து, கால்கள் நீர் போகும் திசையில் நீள, பாத விரல்கள் நீருக்கு மேல் தெரிய மிதந்து, கைகளால் கரையை நோக்கித் துழாவுங்கள். நீர் மெதுவாகி முழங்கால் அளவுக்கு வந்த பிறகு எழுந்தால் போதும். துடுப்பும் படகும் கைக்கு எட்டினால் பிடிக்கலாம், அவற்றைத் துரத்திப் போகாதீர்கள்.

இரண்டாவது, நீருக்குள் விழுந்துகிடக்கும் மரம். கிளைகள் வழியே நீர் போய்விடும், நீங்கள் சல்லடையில் மாட்டியதுபோல் நின்றுவிடுவீர்கள். தூரத்திலேயே பார்த்து விலகுங்கள். வழி முழுக்க அடைத்திருந்தால் முன்கூட்டியே கரையேறிப் படகைத் தூக்கிச் சுற்றிப் போங்கள். விலகவே முடியாமல் அதன்மேல் போய்விட்டீர்கள் என்றால் காலை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். தலை முன்னால் இருக்கும்படி திரும்பி, வேகமாக நீந்தி, மரத்தின் மேலே ஏறிப் படுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, தடுப்பணை. மேலிருந்து வரும்போது அது கண்ணுக்கே தெரியாது, ஆறு ஒரு நேர்க்கோட்டோடு முடிந்துபோனதுபோல் இருக்கும், இரைச்சல் கேட்கும். நாலடி உயரம்தானே என்று படகோடு தாண்டுகிறவர்கள் உண்டு. கீழே விழும் நீர் திரும்பவும் அணையை நோக்கிச் சுருண்டு, மாட்டியவரை வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் முன்பே தேடிக் குறித்து வைத்து, நூறு மீட்டராவது முன்னால் கரையேறிவிடுங்கள்.

13. கரையேறிய பிறகு

ஆட்களை எண்ணுங்கள், துடுப்புகளை எண்ணுங்கள், வீட்டில் தாள் வைத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். படகைக் கழுவித் திரும்பவும் அடிப்பக்கம் வீடியோ எடுத்து, வாடகைக்காரர் முன்னிலையிலேயே கணக்கை முடியுங்கள். "நாளைக்கு அனுப்பிவிடுகிறேன்" என்ற வைப்புத்தொகை வருவதற்கு எங்களுக்கு மூன்று வாரமும் ஒன்பது அழைப்பும் ஆனது.

சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் கீறல் இருந்தால் நல்ல நீரில் கழுவி மருந்து போடுங்கள். ஆற்று நீரில் கலந்திருக்கும் எலிச் சிறுநீரால் காய்ச்சல் வருவதுண்டு, காயம் அதற்கு வாசல். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொந்தப் படகு, சொந்த உபகரணம் என்றால் கழுவி, வடித்து, நன்றாக உலர்த்திவிட்டுத்தான் வேறு ஆற்றில் இறக்க வேண்டும். ஓர் ஆற்றின் களையும் நத்தையும் இன்னொன்றுக்குப் போவது இப்படித்தான்.

செலவை அன்றிரவே பங்கு போட்டு அனுப்பிவிடுங்கள். மேலே நிற்கும் வண்டியை எடுக்கப் போகும்போது இருக்கையில் விரிக்கப் பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வேண்டும், போகிற இருவரும் இன்னும் சொட்டச் சொட்ட நனைந்துதான் இருப்பார்கள்.